பாலர் வகுப்புக்குத் தகுதி

பினாங்கில் குண்டு விழுந்த டிசம்பர் மாதத்தில் நான் ஆசிரியர் பயிற்சியின் இரண்டாம் வருடத்தை முடித்துவிட்டு மூன்றாம் வருடத்துக்குக் காத்திருந்தேன். பயிற்சிக்கென்று தனிக் கல்லூரி கிடையாது. வாரநாட்களில் ஜார்ஜ்டவுனில் ஓர் ஆங்கிலப் பெண்கள் பள்ளியில் பாலர் வகுப்புக்குப் பாடம் நடத்துவேன். சனிக்கிழமை காலையில் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து, வாரம் முழுவதும் செய்ததை எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். ஐந்து வயதுப் பிள்ளை சுண்ணக்கட்டியைப் பிடிப்பது எப்படி, மணல் தட்டில் விரலால் எழுத்துப் போடவைப்பது எப்படி, கதை சொல்லும்போது குரலை எங்கே தாழ்த்துவது, எல்லாவற்றுக்கும் தேர்வு இருந்தது. மூன்று வருடமும் தேறினால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் வேலை நிரந்தரம்.

அப்பா துறைமுகத்தில் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயாவில் எழுதுவினைஞராக உட்கார்ந்த எங்கள் ஆட்களுக்கு, சோறு என்ற சொல்லுக்கு உள்ள மரியாதை தேர்வு என்ற சொல்லுக்கும் உண்டு. நான் மூன்றாம் வருடத்தையும் முடித்துவிடுவேன் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

எங்கள் வகுப்பறை நீளமானது. நடுவில் ஒரு மரத் தடுப்பு. இந்தப் பக்கம் என் பிள்ளைகள், அந்தப் பக்கம் இன்னோர் ஆசிரியையின் பிள்ளைகள். அவர் என் அம்மாவைவிட இரண்டொரு வயதுதான் இளையவர். ஆனாலும் முதல் நாளே, "டீச்சர்னு கூப்பிடாதே, அக்கான்னு கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். கணவர் இளவயதிலேயே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. சுலியா தெருப் பக்கம் ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு ஓர் அறை. அக்கா பயிற்சி முடித்தவர். அவருடைய சான்றிதழ் அந்த அறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. ஒரு தடவை தேநீர் குடிக்கப் போனபோது பார்த்திருக்கிறேன். என் பெயரை மனதுக்குள் அதில் போட்டுப் பார்த்த ஞாபகம்.

குண்டு விழுந்த அன்று அக்கா நகருக்கு வெளியே ஆயர் ஈத்தாமில் உறவுக்காரர் வீட்டில் இருந்தார். திரும்பி வந்தபோது கடையும் இல்லை, மேலே அறையும் இல்லை. கட்டியிருந்த சேலை, கையிலிருந்த பை, அவ்வளவுதான் மிச்சம். சான்றிதழ் எரிந்து போனதைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களை எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது.

சில மாதங்கள் கழித்து, ஊரைப் பிடித்திருந்த ஜப்பானியர் பள்ளியைத் திறந்தார்கள். வெள்ளைக்காரத் தலைமையாசிரியையைச் சிறைமுகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் இடத்தில் எங்களில் ஒருவரையே, மூத்த ஆசிரியர் ஒருவரை, உட்காரவைத்தார்கள். அவர் எங்களைக் கூடத்தில் கூட்டினார். பழைய சான்றிதழ்கள் இனிச் செல்லாது என்றார். பயிற்சி முடித்தவர், முடிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லை. நிப்போங்கோ, அதாவது ஜப்பான் மொழி, படித்துத் தேர்வில் தேற வேண்டும். தேறியவர்களுக்கு வேலை. தேறாதவர்களுக்கு அடுத்த பள்ளித் தவணையோடு வேலை போய்விடும்.

பின்வரிசையில் ஒருவர் கேட்டார். "சார், பாலர் வகுப்புக்குமா? அந்தப் பிள்ளைங்களுக்கு இன்னும் மூக்குச் சிந்தத் தெரியாது."

"பாலர் வகுப்புக்கும்தான்" என்றார் அவர். சொல்லிவிட்டுக் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்தத் தேர்வு இருந்தது.

வீட்டில் சொன்னேன். அப்பா வேலையில்லாமல் இருந்தார். துறைமுக அலுவலகத்தில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுவிட்டு அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பள்ளியில் வேலை செய்பவர்களுக்கு அரிசிப் பங்கு கொஞ்சம் கூடுதல். எங்கள் வீட்டில் அது என் ஒருத்திக்குத்தான் வந்தது.

"அவங்கள் கேக்கிறதைப் படிச்சுக் குடு பிள்ளை" என்றார் அப்பா. "இங்கிலீசும் எங்கடை பாஷையே? அதையும் படிச்சுத்தானே பாஸ் பண்ணினனாங்கள்."

அடுத்த நாளே படிக்கப் போனேன்.

நிப்போங்கோ வகுப்பு, பள்ளி முடிந்தபிறகு பிற்பகலில் நடந்தது. எங்கள் பாலர் அறையில்தான். பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சுகளில், முழங்கால் நெஞ்சில் முட்ட, நாற்பது வயதுக்காரர்களும் ஐம்பது வயதுக்காரர்களும் உட்கார்ந்திருந்தோம். சொல்லிக்கொடுத்த ஜப்பானியர் படைக்காரர் இல்லை. சாதாரண உடுப்புப் போட்ட, தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்த ஒல்லியான மனிதர். இருமிக்கொண்டே இருப்பார். தன் ஊரிலும் ஆசிரியராக இருந்தவர் என்று பேசிக்கொண்டார்கள். ஒருநாள் கொட்டாவி விட்டதற்காக, எங்களுடைய கணக்கு ஆசிரியரைக் கன்னத்தில் அறைந்தார். கணக்கு ஆசிரியருக்கு அப்போதுதான் மலேரியா வந்து விட்டுப் போயிருந்தது. அறை வாங்கியவர் எழுந்து குனிந்து வணங்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அதன் பிறகு கொட்டாவி வந்தால் பல்லைக் கடித்துக்கொள்வோம். அந்தச் சோர்வு எனக்கு இன்னும் தாடையில்தான் ஞாபகமிருக்கிறது.

காலையிலிருந்தே அப்படித்தான் ஓடும். விடிந்ததும் பசாருக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். பிறகு பள்ளி. திடலில், ஜப்பான் பேரரசர் இருக்கும் திசை என்று கிழக்குப் பக்கமாகத் திரும்பி வணக்கம், பாட்டு, கை காலை நீட்டி மடக்கி உடற்பயிற்சி. அதற்குள்ளேயே இரண்டு பிள்ளைகள் சுருண்டு விழுந்துவிடும். மரவள்ளி தின்று வந்த பிள்ளைகள். சில பிள்ளைகள் அதுவும் தின்றிருக்காது. காலில் புண், தலையில் புண். ஆனால் பாட்டு மட்டும் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. நாங்கள் ஒரு வாரம் மனப்பாடம் செய்ததை அவர்கள் ஒரு காலையில் பாடினார்கள்.

அக்காவுக்குத்தான் வரவில்லை. வகுப்பில் வாயால் சொல்லச் சொன்னால் தட்டுத் தடுமாறியாவது சொல்லிவிடுவார். புத்தகத்தைப் பிரிக்கச் சொன்னதும் முகம் வெளிறிவிடும். தேர்வுக்கு, பிள்ளைகளின் முதல் வாசிப்புப் புத்தகம்தான் பாடம். தேர்வாளர் ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டுவார், அதைப் படிக்க வேண்டும்.

ஒரு நாள் வீட்டுக்கு நடந்து போகும்போது கேட்டேன். "அக்கா, உங்களுக்கு எழுத்துத் தெரியேல்லையோ, விளங்கேல்லையோ?"

என் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டால் அவர் வழக்கமாகச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை.

"கண்ணாடி ரூம்ல போச்சு தங்கச்சி. வாசிக்கிற கண்ணாடி. மேசை மேல வச்சிட்டு ஆயர் ஈத்தாம் போனேன்."

"இவ்வளவு நாளும் சொல்லேல்லையே."

"சொன்னா? கண்ணு தெரியாத டீச்சர்னு நாளைக்கே அனுப்பிடுவாங்க. புதுக் கண்ணாடி எங்க கிடைக்குது? கடையெல்லாம் பூட்டிக் கிடக்கு. சூசாலா, ரொம்பக் கஷ்டம்."

அப்போதுதான் யோசித்தேன். பள்ளி திறந்ததிலிருந்து அவர் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்ததே இல்லை. கரும்பலகையில் பெரிது பெரிதாக எழுதிப் போட்டு, தூர நின்று சொல்லிக்கொடுப்பார். எட்ட இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கைக்குள் வருவதுதான் தெரியாது.

அன்றிலிருந்து டத்தோ கிராமட் சாலை நெடுக நான் அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே நடந்தேன், அக்கா திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். எதிரே சிப்பாய் வந்தால் நின்று குனிந்துவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடங்குவோம். மனப்பாடம் செய்தால் போதாது; எந்தப் பக்கத்தைக் காட்டுகிறார்கள் என்று தெரிய வேண்டுமே. படங்கள் பெரியவை. அவற்றின் நிறமாவது கலங்கலாகத் தெரிந்தது. சிவப்புத் திட்டு என்றால் சூரியன் வரும் பக்கம். பச்சை என்றால் மலை. பழுப்பு என்றால் நாய். இப்படி ஒவ்வொரு பக்கத்தையும் நிறத்தோடு சேர்த்து வைத்தோம்.

தேர்வுக்கு முந்திய வாரத்தில் அந்தச் சம்பவம் நடந்தது.

உடற்பயிற்சி முடிந்து வகுப்புக்கு வந்ததும் அக்கா பிள்ளைகளை மேசையில் தலைவைத்துப் படுக்கச் சொல்வார். கொஞ்ச நேரம் தூங்கட்டும், பிறகு பாடம் என்பார். வெறும் வயிற்றோடு ஆடவைத்த பிள்ளைகளை வேறு என்ன செய்வது? பார்த்த பிறகு நானும் அப்படியே செய்தேன். அன்றைக்கு என் பக்கம் எழுந்துவிட்டார்கள், அக்கா பக்கம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நிப்போங்கோ ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்தார். தேர்வுக்கு முன் வகுப்புகளைப் பார்வையிடுகிறாராம்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலில் சத்தமே இல்லை. பிறகு கையால் மேசையை ஓங்கி அடித்தார். பிள்ளைகள் அலறிக்கொண்டு எழுந்தார்கள். தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஒரு பிள்ளை எழுந்திருக்கவில்லை, அதைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அக்கா என்னவோ சொல்ல முயன்றார். சோறு என்ற சொல்லும் இல்லை என்ற சொல்லும் எனக்குக் கேட்டன. அவருக்குத் தெரிந்த நிப்போங்கோவில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அக்காவைத் திடலுக்குக் கொண்டுபோய் வெயிலில் நிற்கவைத்தார். பிள்ளைகளின் பெஞ்சு ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். தலைமையாசிரியர் வராந்தா வரை வந்தார், திரும்பிப் போய்விட்டார். தடுப்பைத் தள்ளிவிட்டு இரண்டு வகுப்பையும் நான் பார்க்க வேண்டும் என்று உத்தரவு.

சன்னல் வழியாகத் திடல் முழுதும் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரியும். முன்வரிசையில் ஒரு தமிழ்ப் பெண்குழந்தை, காதில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும், என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், எங்க டீச்சர் என்ன தப்பு செஞ்சாங்க?"

"ஒண்டும் செய்யேல்லை" என்றேன்.

"அப்பறம் ஏன் நிக்கிறாங்க?"

"நீ பாடு" என்றேன்.

அவள் பாடினாள். எல்லோரும் பாடினார்கள். விரல்விட்டு எண்ணும் பாட்டு. நான் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு எழுதினேன். என்ன எழுதினேன் என்று தெரியவில்லை.

மதிய மணி அடித்ததும் அக்காவை விட்டார்கள். தண்ணீர் கொண்டு ஓடினேன். அக்காவால் குவளையைப் பிடிக்க முடியவில்லை, பாதி சேலையில் கொட்டியது. தலைமுடிக்குள்ளிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது. குடித்துவிட்டு, "எழுந்திரிக்காத பிள்ளைக்குக் காய்ச்சலான்னு பாரு" என்றார். காய்ச்சல்தான். அந்தப் பிள்ளை அடுத்த நாள் வரவில்லை. பிறகு வந்தது.

"இனிப் படுக்கவைக்காதேங்கோ அக்கா" என்றேன்.

"ம்" என்றார். அடுத்த நாளும் படுக்கவைத்தார். சன்னல் பக்கம் ஒரு பிள்ளையைக் காவல் வைத்தார், அவ்வளவுதான் மாற்றம்.

தேர்வு கூடத்தில் நடந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அக்காவுக்கு அடுத்தது நான் என்பதால் வாசலில் நின்றேன், உள்ளே நடந்தது எல்லாம் தெரிந்தது. மேசைக்குப் பின்னால் அதே ஆசிரியர். பெயர், ஊர், வேலை என்று கேட்டார். அக்கா சொன்னார். ஆசிரியர் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். பழுப்பு. அக்கா நாய் வரும் பக்கத்தைக் கடகடவென்று சொன்னார். அவர் நிமிர்ந்து பார்த்தார். அக்காவின் கண் எழுத்தின் மீது ஓடவே இல்லை என்பதைக் கவனித்துவிட்டார் போலும். நாற்பது பிள்ளைகளை வைத்து வாசிப்பு நடத்திய எந்த ஆசிரியருக்கும் அது தெரியும். இன்னொரு பக்கத்தைத் திறந்து, படத்தின் மீது கையை வைத்து மூடிக்கொண்டார்.

அக்கா நின்றார். கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை. கடைசியில் அக்கா ஒரு விரலால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, இல்லை என்பதற்கான நிப்போங்கோச் சொல்லைச் சொன்னார்.

அறைவார் என்று நினைத்தேன். அவர் இருமினார். இருமி முடித்துவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மேசைமேல் அக்கா பக்கமாக நகர்த்தினார்.

அக்கா அதை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார், அதைப் போட்டதும் கொஞ்சம் நஞ்சம் தெரிந்ததும் போய்விட்டது என்று. ஆசிரியருடையது எட்ட இருப்பதைப் பார்க்கப் போடுகிற கண்ணாடி. புத்தகம், மேசை, மனிதர், எல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆகிவிட்டதாம். ஆனால் கொடுத்ததைக் கழற்றவும் பயம். அதனால் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதல் பக்கம் முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினார். சூரியன், மலை, நாய், மழை. பக்கத்தைத் திருப்பவே இல்லை. கண்ணாடி இல்லாத அந்த மனிதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். புத்தகம் பாதியைத் தாண்டியபோது போதும் என்று கையைக் காட்டினார்.

அக்காவுக்குக் கடைசித் தரத்தில் தேர்ச்சி. எனக்கு நடுத் தரம். சிவப்பு முத்திரை குத்திய மெல்லிய தாள் ஒன்று கொடுத்தார்கள். அவர் ஏன் அக்காவைத் தேறவைத்தார் என்று நாங்கள் பேசிப் பேசி அலுத்துப் போனோம். இரக்கம் என்று சொல்லவும் முடியவில்லை. மறு வாரமே தோட்டக்காரரை உதைத்தார். பிறகு ஒரு நாளிலிருந்து அவர் வரவில்லை, வேறொருவர் வந்தார்.

தரத்தின்படி வகுப்புகளைப் பிரித்தார்கள். நடுத் தரமும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் மேல்வகுப்புகளுக்கு. கடைசித் தரத்தில் தேறியவர்கள் பாலர் வகுப்புக்கு. ஒன்றும் தெரியாதவர்களைச் சின்னப் பிள்ளைகளிடம் விடலாம் என்ற எண்ணம் வெள்ளைக்காரனிடமும் இருந்தது, சம்பளத்தில் அது தெரியும். இவர்கள் வெளிப்படையாகவே செய்தார்கள். அக்கா விரும்பிய இடம் அவருக்குக் கிடைத்தது. நான் மேல்வகுப்புக்குப் போய், எனக்கே சரியாகத் தெரியாத மொழியில் எனக்கே புரியாத பாடங்களை நடத்தினேன். மிச்ச வருடங்கள் அப்படியே போயின. மரவள்ளி, வரிசை, காய்ச்சல், மறுபடி அடுத்த தரத்துக்கான தேர்வு. கடைசியில் நேசநாட்டு விமானங்கள் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டபோது, பிள்ளைகளை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு நானும் படுத்துக்கொண்டேன். பயம்கூட வரவில்லை. கொஞ்ச நேரம் படுக்க முடிந்ததே என்றிருந்தது.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பள்ளிகளை மறுபடி ஒழுங்குபடுத்தினார்கள். தகுதிக்கு ஆதாரம் கொண்டுவரச் சொன்னார்கள். என் சிவப்பு முத்திரைத் தாளை, வெள்ளைக்காரர் கண்ணில் படக்கூடாதென்று, அம்மா அதற்கு முன்பே அடுப்பில் போட்டிருந்தார். அக்காவும் நானும் கல்வி அலுவலகத்துக்குச் சேர்ந்துதான் போனோம். மேசையில் இருந்தவர் தமிழர், எங்களை மரியாதையாகவே நடத்தினார்.

"அசல் சான்றிதழ் எங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

"சுலியா தெருவுல எரிஞ்சு போச்சு."

"நகல்?"

"அதும் அங்கதான் இருந்துச்சு."

"உங்ககூடப் பயிற்சி முடிச்சவங்க, இல்லாட்டி உங்க தலைமையாசிரியை, யாராவது எழுதிக் கொடுத்தாப் போதும்."

தலைமையாசிரியை முகாமிலேயே இறந்துவிட்டார். கூடப் படித்தவர்களில் ஒருவர் சிங்கப்பூரில் இருந்ததாகக் கேள்வி, எழுதிப் பார்த்தோம், பதில் இல்லை. பழைய பதிவுகளும் கிடைக்கவில்லை. அக்காவைப் பயிற்சி பெறாத ஆசிரியை என்று எழுதினார்கள். வருடா வருடம் புதுப்பிக்கும் தற்காலிக வேலை. வேண்டுமானால் மறுபடி பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்றார் அவர்.

"வேணாம் சார்" என்றார் அக்கா. "நான் பாஸ் பண்ணினது எல்லாம் போதும்."

என்னுடைய இரண்டு வருடமும் இடையில் விட்டுப் போனதால் கணக்கில் வராது என்றார்கள். நான் முதலாம் வருடத்திலிருந்து தொடங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பள்ளியை அப்போதுதான் முடித்த பெண்கள். சனிக்கிழமை காலைகளில் அதே மணல் தட்டு, அதே சுண்ணக்கட்டி.

முதலாம் வருட மாதிரிப் பாடத்துக்கு, கப்பலில் புதிதாக வந்திருந்த ஒரு வெள்ளைக்கார விரிவுரையாளர் என் வகுப்பின் பின்னால் உட்கார்ந்தார். படத்தைக் காட்டிப் பெயர் சொல்லவைக்கும் பாடம். பந்து சொன்னார்கள், பூனை சொன்னார்கள். ரொட்டிப் படத்தைக் காட்டினேன். வெட்டி அடுக்கிய ரொட்டி, பக்கத்தில் வெண்ணெய். யாரும் பேசவில்லை. ஒரு சின்னப் பெண் மெதுவாகக் கையைத் தூக்கி, "ஊபி" என்றாள். மரவள்ளிக்கிழங்குக்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் அதுதான். மற்றப் பிள்ளைகளும் ஊபி, ஊபி என்றார்கள்.

பாடம் முடிந்ததும் விரிவுரையாளர் கடுமையில்லாமல்தான் சொன்னார். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ரொட்டி தெரியவில்லை என்றால் ஆசிரியை தயார் செய்யவில்லை என்று அர்த்தம். உண்மையான ரொட்டி ஒன்றைக் கொண்டுவந்து காட்டியிருக்க வேண்டும் என்றார்.

பயந்து பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது பயப்படவும் அலுப்பாக இருந்தது. "கொண்டுவந்திருந்தால் பாடம் நடந்திருக்காது. தின்றிருப்பார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். எழுந்து போனார். தேர்ச்சி கொடுத்திருந்தார். அதிக மதிப்பெண் இல்லை, ஆனால் தேர்ச்சி.

அக்கா சில வருடங்கள் அப்படியே தற்காலிக ஆசிரியையாக இருந்தார். கடைகள் திறந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடி வாங்கினார். போட்டுக்கொண்டு என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, "உனக்கு வயசாயிடுச்சு தங்கச்சி" என்றார். எனக்கு முப்பது ஆகவில்லை. பிறகு ஒரு வருடம் புதுப்பித்தல் வரவில்லை. ஏன் என்று கேட்கப் போகவில்லை. கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் தங்கை மகன் வீட்டோடு போய் இருந்துவிட்டார். நான் மாதம் ஒரு தடவை பெர்ரி ஏறிப் போய்ப் பார்ப்பேன். பள்ளியைப் பற்றிக் கேட்கமாட்டார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். காதில் சீழ் வடிந்த பெண்ணுக்குச் சரியாயிற்றா என்று கேட்டார். சரியாகவில்லை, ஒரு காது கேட்காமலே போய்விட்டது. சொன்னேன்.

என் சான்றிதழ் வந்த அன்று எனக்குக் காய்ச்சல். அப்பாதான் வாங்கி, உறையைப் பிரித்து, வாசித்துவிட்டு, என் தலைமாட்டில் வைத்தார். "பிள்ளை, இது எவ்வளவு காலத்துக்குச் செல்லும் எண்டு இதிலை போடேல்லை" என்றார். அவர் பகடியாகச் சொன்னாரா, உண்மையாகவே தேடிப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கினேன். இரண்டு நாள் கழித்து வகுப்புக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று தாயின் சேலையை விடமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. பையை வைத்துவிட்டு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.